நிலமும் பொழுதும்: தியான்ஷான் அடிவாரத்தில் ஒரு காட்டு துலிப்

ஷிம்கென்ட் நகரிலிருந்து தராஸ் போகும் நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போனால் ஜபாக்லி ஊருக்கு வழி பிரிகிறது. கசாக்ஸ்தானின் தெற்கு விளிம்பு இது. ஊரைத் தாண்டியதும் நிலம் மேலேறத் தொடங்குகிறது; மேற்குத் தியான்ஷானின் கிளையான தலாஸ் அலாதாவ் மலைத்தொடராக எழுந்து, 4,200 மீட்டருக்கு மேல் பனிக்குள் போய் முடிகிறது. மத்திய ஆசியாவின் மிகப் பழைய இயற்கைக் காப்பகமான அக்சு-ஜபாக்லி இங்கேதான் இருக்கிறது. 1926இல் அமைத்தார்கள். 2016இல் மேற்குத் தியான்ஷான் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது இதுவும் அதில் சேர்ந்தது. ஜூலையில் இங்கே வந்து இறங்கும் பயணிக்கு அடிவாரச் சரிவுகளில் காணக் கிடைப்பவை பழுத்து மடிந்த புல், காலைக் கீறும் முள், ஆட்டுப் புழுக்கை, வெயில். ஏப்ரல் கடைசியில் இதே சரிவு துலிப் பூக்களால் சிவந்து கிடந்தது என்று யாராவது சொன்னால் அவர் நம்ப மாட்டார். பூ உதிர்ந்திருந்தால் செடியாவது நிற்க வேண்டுமே. இலை, தண்டு எதற்கும் சுவடே இல்லை. ஆனால் செடி சாகவில்லை. கீழே, மண்ணுக்குள், ஒரு கிழங்கில் முழு உயிரோடு இருக்கிறது. ஆண்டில் எட்டு ஒன்பது மாதம் அது வெளியே தலைகாட்டுவதில்லை.

இந்த மறைந்து வாழும் பழக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் காட்டு துலிப்பின் வாழிடத்தைப் பற்றிப் பேசினால் பேச்சு பாதியில்தான் நிற்கும். வாழிடம் என்றதும் நமக்கு வரைபடத்தில் ஒரு வட்டம் போடத் தோன்றுகிறது. தொல்காப்பியம் இந்த விஷயத்தில் இன்னும் கவனமாக இருந்தது. திணைக்கு முதற்பொருள் எது என்று கேட்டு, நிலமும் பொழுதும் என்று இரண்டையும் சேர்த்தே வைத்தது. கிரேகி துலிப் என்று தாவரவியலார் பெயரிட்டிருக்கும் இந்தச் செடிக்கு அந்த இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. நிலத்தை வேலி கட்டிக் காத்துவிடலாம். அந்த நிலத்தில் எந்த மாதம் என்ன நடக்கிறது என்பது வேலிக்குக் கட்டுப்படாது. இந்தப் பூவின் எதிர்காலம், எத்தனை ஏக்கர் காக்கப்பட்டது என்பதைவிட, அது வெளியே தலைகாட்டும் அந்த மூன்று நான்கு மாதங்களில் அடிவாரத்தில் ஆடுகள் எங்கே நிற்கின்றன என்பதைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. இந்தக் கட்டுரை வாதிட வருவது அதைத்தான். இதற்கு வலுவான மறுப்புகளும் உண்டு.

முதலில் செடியைக் குனிந்து பார்க்க வேண்டும். பூவை விட்டுவிட்டு இலையிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் கிரேகியை அடையாளம் காட்டுவது இலைதான். அடி இலை அகலமானது, சாம்பல் பூத்த நீலப்பச்சை. தரையை ஒட்டிப் படர்ந்து கிடக்கும். அதன் மேல் நீளவாட்டில் கருஞ்சிவப்புக் கோடுகள், யாரோ தூரிகையில் மை தீரத் தீர இழுத்ததுபோல் விட்டு விட்டு ஓடுகின்றன. இந்தக் கோடுகள் இருந்தால் பூக்காத செடியைக்கூடப் பெயர் சொல்லிவிடலாம். பூ உள்ளங்கையை நிறைக்கும் அளவு. பெரும்பாலும் நல்ல சிவப்பு. உள்ளே எட்டிப் பார்த்தால் ஆறு இதழ்களின் அடியிலும் கறுப்புத் திட்டு, சிலவற்றில் அதைச் சுற்றி மஞ்சள் கரை. ஒரே சரிவில் மஞ்சள் பூவும் ஆரஞ்சுப் பூவும் நடுநடுவே வரும். சற்று மேலே, பனி உருகும் ஓரங்களில் முந்திப் பூக்கும் காஃப்மன் துலிப் என்ற வெளிர்நிற இனத்தோடு கிரேகி தானாகவே கலந்து கலப்புச் செடிகளைத் தருகிறது. கசாக்ஸ்தானில் முப்பதுக்கு மேற்பட்ட துலிப் இனங்கள் இருக்கின்றன. இனங்களுக்கிடையே எல்லை இன்னும் முழுதாக இறுகாத இடம் இது. செடிகள் இங்கே இன்னும் புதிது புதிதாக மாறிக்கொண்டிருக்கின்றன.

இந்த மலையின் பருவம் வேறு மாதிரி. நம் ஊரில் கோடைக்குப் பின் மழை. இங்கே மழையும் பனியும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் முடிந்துவிடும், கோடை வறண்டு எரிக்கும். இலையுதிர்காலத்தில் மண் நனைந்ததும் கிழங்கு வேர் விடுகிறது. பனிக்கடியில் மாதக்கணக்கில் குளிர் வாங்குகிறது. அந்தக் குளிர் இல்லையென்றால் உள்ளே இருக்கும் தண்டு நீளாது, அதனால்தான் சென்னையில் தொட்டியில் வைத்த துலிப் சரியாக எழுவதில்லை. மார்ச்சில் பனி விலக இலை, ஏப்ரல்-மே மாதங்களில் பூ, ஜூனில் விதை. பிறகு மேலே உள்ள அத்தனையும் காய்ந்து போகிறது. பழைய கிழங்கு தன் சேமிப்பையெல்லாம் பூவுக்கும் விதைக்கும் செலவழித்துக் கரைந்துவிடும். அதற்குள்ளேயே அடுத்த ஆண்டுக்கான கிழங்கு உருவாகியிருக்கும். கொளுத்தும் கோடையில், எதுவும் நடக்காததுபோல் தோன்றும் நாட்களில், அந்தப் புதுக் கிழங்குக்குள் மறு வசந்தத்தின் மொட்டு பொடியாக உருக்கொள்கிறது. ஆகவே ஒரு செடி அடுத்த ஆண்டு உயிர்த்திருக்குமா, பூக்குமா என்பதெல்லாம் மார்ச்சிலிருந்து ஜூன் வரை அந்த நாலைந்து இலைகள் எத்தனை நாள் வெயில் குடித்தன என்பதில் அடங்கிவிடுகிறது. நடுவில் இலையை இழந்த செடி கிழங்கைச் சிறுத்துக்கொள்கிறது. சிறுத்த கிழங்கு மறு ஆண்டு பூக்காது. தொடர்ந்து சில ஆண்டுகள் இப்படிப் போனால் கிழங்கும் இல்லை.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியம். பல துலிப் வகைகள் பக்கக் கிழங்கு விட்டுப் பெருகும். கிரேகி காட்டில் அப்படிச் செய்வது அரிது. ஒரு கிழங்குக்குப் பதில் ஒரு கிழங்கு, அவ்வளவுதான். பெருக வேண்டுமென்றால் விதைதான் வழி. மூன்று அறைகள் கொண்ட காய் வெடித்து, தட்டையான பழுப்பு விதைகள் காற்றில் சில அடி தூரம் போய் விழுகின்றன. குளிர்காலம் ஒன்றைக் கடந்த பிறகே முளைக்கும். முதல் வசந்தத்தில் வருவது நூல் போன்ற ஒற்றை இலை. புல் என்று நினைத்து மிதித்துவிட்டுப் போய்விடுவோம். ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சின்னக் கிழங்கு தன்னைவிடக் கொஞ்சம் ஆழத்தில் அடுத்த கிழங்கை இறக்கி வைத்து, கீழே கீழே போகிறது. முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் தோண்டித் தின்னும் நிலத்தில் ஆழம்தான் காப்பு. ஐந்தாறு ஆண்டாவது ஒற்றை இலையோடு கழித்த பிறகே முதல் பூ. சோவியத் தாவரவியலில் ரபோட்னோவ் தொடங்கிவைத்த ஒரு நல்ல பழக்கம் உண்டு: ஒரு சரிவில் பூத்த செடிகளை மட்டும் எண்ணாமல், நாற்று, இளசு, முதிர்ச்சி, கிழம் என்று வயதுநிலை பிரித்து எண்ணுவது. சிவந்து கிடக்கும் சரிவைப் பார்த்து மகிழும் பயணி காண்பது முதிர்ந்தவற்றை மட்டும். பூக்களுக்கிடையே ஒற்றை இலைகள் இல்லையென்றால், அந்தச் சரிவு எவ்வளவு சிவந்திருந்தாலும், அது வாரிசில்லாத வீடு.

இந்தப் பூ வெளியுலகுக்கு எப்படி அறிமுகமானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரஷ்யப் படை ஷிம்கென்ட்டை 1864இலும் தாஷ்கெண்டை 1865இலும் சமர்கண்டை 1868இலும் பிடித்தது. படை போன பாதையில் தாவர வேட்டைக்காரர்கள் போனார்கள். பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த எட்வர்ட் ரெகெல் 1873இல் இதற்குப் பெயரிட்டபோது ரஷ்யத் தோட்டக்கலைச் சங்கத் தலைவராக இருந்த சாமுவேல் கிரேக் பெயரைச் சூட்டினார். 1877இல் பக்கத்து இனத்துக்குத் துருக்கெஸ்தானின் கவர்னர் ஜெனரல் காஃப்மனின் பெயர். மலையில் பிறந்த பூவுக்குச் சீமான் பெயர் வைப்பது அந்தக் காலத்து மரியாதை. பிறகு மத்திய ஆசியக் கிழங்குகள் நெதர்லாந்துக்குப் போயின. ஹார்லெம் நகரின் வான் டூபர்கன் நிறுவனம் இதற்கென்றே ஆட்களை அனுப்பியது. சமர்கண்ட் பக்கத்து ஃபாஸ்டர் துலிப்பைத் தோட்ட வகைகளோடு சேர்த்துத்தான் இன்று உலகமெங்கும் விற்கும் பெரிய சிவப்பு டார்வின் கலப்பினங்கள் பிறந்தன. கிரேகியின் கோடு போட்ட இலை, 'ரெட் ரைடிங் ஹுட்' முதலான குட்டை வகைகளில் ஏறிக்கொண்டது.

இங்கேதான் முதல் மறுப்பு வருகிறது. தோட்டங்களில் கோடிக்கணக்கில் துலிப் இருக்கும்போது மலையில் நாலு சரிவு போனால் என்ன? 'அந்நியன்' படத்தின் 'குமாரி' பாடலில் நாம் பார்த்த நெதர்லாந்து வயல்கள், ஏப்ரல் விடுமுறையில் நம்மவர்கள் குடும்பத்தோடு போய்ப் படமெடுத்துக்கொள்ளும் ஸ்ரீநகர்த் தோட்டம், இவையெல்லாம் செழிப்பாகத்தானே இருக்கின்றன? ஸ்ரீநகர்க் கிழங்குகளும் நெதர்லாந்திலிருந்து வந்தவையே. மறுப்பு வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அதற்குச் சான்றும் உண்டு. வடக்குத் துருக்கியின் அமாஸ்யா பகுதியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்துப்போன ஸ்ப்ரெங்கர் துலிப் காட்டில் அற்றுப்போய்விட்டது. தோட்டக்காரர்கள் கையில் இன்றும் தானாக விதை போட்டுப் பெருகுகிறது. தோட்டம் அந்த இனத்தைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் காப்பாற்றியது எதை? வயல் துலிப் பக்கக் கிழங்கால் பெருக்கப்படுவது. 'ரெட் ரைடிங் ஹுட்' என்ற பெயரில் உலகில் உள்ள அத்தனை செடியும் ஒரே செடியின் நகல்கள். ஒரு நோய் ஒன்றை வீழ்த்தினால் மற்றதையும் வீழ்த்தும். ஜபாக்லி சரிவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் சிவப்பும் மஞ்சளும் ஆளுக்கொரு விதையிலிருந்து வந்த தனித்தனி ஆட்கள். நாளைக்குப் புதிய வகை வேண்டும், நோய் தாங்கும் வகை வேண்டும் என்று நெதர்லாந்துக்காரர் தேடினாலும் இங்கேதான் வர வேண்டியிருக்கும். தோட்டம் நகலெடுக்கும் இடம். காஃப்மன் துலிப்போடு தானாகவே கலந்து புதிது பிறப்பது மலையில்தான் நடக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் நேரானது. மலையைக் காக்க வேண்டுமென்றால் காப்பகம்தான் இருக்கிறதே. வேலியைக் கீழே வரைக்கும் இறக்கி, ஆட்டை விரட்டி, பூப் பறிப்பவரைப் பிடித்து அபராதம் போட்டால் போயிற்று. இதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். கிரேகி, அருகிவரும் இனங்களின் பட்டியலான கசாக்ஸ்தானின் செம்புத்தகத்தில் இருக்கிறது, பறிப்பது குற்றம், அது அப்படியே இருக்கட்டும். வசந்தத்தில் கட்டுக்கட்டாகப் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோனால் பூவோடு இலையும் போகிறது; அந்தக் கிழங்குக்குச் சோறும் இல்லை, விதையும் இல்லை. ஆனால் வேலியைப் பொறுத்தவரை இரண்டு சிக்கல்கள். காப்பகத்தின் பெரும்பகுதி உயரமான மலை, பாறை, ஆர்ச்சா (ஜூனிபர்) மரக்காடு, 500 மீட்டர் ஆழத்துக்கு அறுத்து ஓடும் அக்சு ஆற்றுப் பள்ளம். கிரேகி நெருங்கிப் பூக்கும் தாழ்ந்த மண்சரிவுகளோ உழவுக்கும் ஊருக்கும் சாலைக்கும் பக்கத்தில் இருப்பவை. அவற்றில் கணிசமான பங்கு எப்போதோ வயலாகிவிட்டது. எஞ்சியதையெல்லாம் அடைத்துவிட ஊர் ஒப்பாது. ஒப்பினாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. மேய்ச்சலே இல்லாத அடிவாரத்தில் உயரப் புல்லும் பெருங்காய இனத்துப் பெருஞ்செடிகளும் கோடையில் ஆளுயரம் வளர்ந்து, காய்ந்து, ஆண்டுக்கு ஆண்டு மெத்தையாகப் படியும். முதிர்ந்த துலிப் அந்த மெத்தையைத் துளைத்து வரும். நூல் இலை வருமா? மெல்லிய விதை மண்ணைத் தொடுமா? இந்தச் செடி காலங்காலமாக ஆர்காலி ஆடுகளும் மலையாடுகளும் மேய்ந்து கடந்துபோன நிலத்தில் உருவானது. அவை வந்தன, மேய்ந்தன, அடுத்த சரிவுக்குப் போயின. ஒரே இடத்தில் நின்றதில்லை.

நிற்பதுதான் பிரச்சினை, எண்ணிக்கை அடுத்தபடியாகத்தான் என்பதற்கு இந்த நாட்டின் சரித்திரமே சாட்சி. கசாக் மேய்ப்பர் ஆண்டை நான்கு மேய்ச்சல் நிலமாகப் பிரித்து வைத்திருந்தார்: குளிர்கால கிஸ்தாவ், வசந்தகால கொக்தெவ், கோடைக்கு உயரப் புல்வெளியான ஜய்லாவ், திரும்பும் வழியில் குசெவ். கூடாரத்தைக் கட்டிக்கொண்டு மந்தையோடு நடப்பதே வாழ்க்கை. 1920களின் இறுதியில் தொடங்கிய கட்டாயக் கூட்டுப்பண்ணையாக்கமும் குடியமர்த்தலும் அதை உடைத்தன. 1930-33 பஞ்சத்தில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் கசாக்குகள். மந்தைகளில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. பின்னாளில் கூட்டுப்பண்ணைகளே வண்டியும் கிணறும் கொடுத்து மந்தைகளைத் தூரப் புல்வெளிக்கு அனுப்பின. சோவியத் ஒன்றியம் கலைந்த 1991க்குப் பின் அதுவும் சரிந்தது. நாட்டின் ஆட்டு எண்ணிக்கை மூன்றரைக் கோடியிலிருந்து பத்தாண்டுக்குள் ஒரு கோடிக்கும் கீழே விழுந்தது. எண்ணிக்கைதான் காரணம் என்றால் அந்த ஆண்டுகளில் அடிவாரம் எங்கும் புத்துயிர் பெற்றிருக்க வேண்டும். மேய்ச்சல் நில ஆய்வாளர்கள் கண்டது வேறு. தூரப் புல்வெளிகள் ஆளரவமின்றிக் கிடந்தன, கிணறுகள் தூர்ந்தன, இருபது முப்பது ஆடு வைத்திருந்த குடும்பங்களுக்கு லாரி வாடகை கட்டவில்லை. ஆகவே இருந்த ஆடுகளெல்லாம் ஆண்டு முழுக்க ஊரைச் சுற்றியே நின்றன. ஊரைச் சுற்றி நாலைந்து கிலோமீட்டர் வட்டம் மொட்டையானது. துலிப் சரிவுகள் இருப்பதும் அந்த வட்டத்துக்குள்தான். குறைந்த ஆடு கூடுதல் சேதம் செய்தது இப்படித்தான்.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, மேய்ப்பர்களை அறிந்தவர்கள் சொல்வது. அடிவாரம்தானே பழைய கொக்தெவ்? குட்டி போடும் பருவத்தில், துலிப் பூக்கும் அதே வாரங்களில், மந்தை அங்கேதானே நின்றது? பழைய முறையைத் திருப்பிக் கொண்டுவந்தால் பூ பிழைக்கும் என்பது பழமை மோகம் இல்லையா? கேள்வி நியாயமானது. பழைய மேய்ப்பர் துலிப்பை நினைத்து எதையும் திட்டமிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் கொக்தெவ் என்பது நடக்கும் வழியில் வரும் ஒரு தங்கல். புல் தலைதூக்கும் இடத்தைத் தேடி மந்தை மேலே மேலே நகர்ந்தது. ஒரு சரிவில் கிடை போட்டால் பக்கத்துச் சரிவு அந்த ஆண்டு தப்பியது. அடுத்த ஆண்டு மழையைப் பொறுத்து இடம் மாறியது. பத்து ஆண்டுக்கு மேல் வாழும் ஒரு செடிக்கு நாலு ஆண்டுக்கு ஒரு முறை இலை இழப்பது தாங்கக்கூடிய நட்டம். ஆண்டுதோறும் மார்ச்சிலிருந்து ஜூன் வரை இழப்பதைத்தான் எந்தச் செடியும் தாங்காது. ஜூலையிலிருந்து இலையுதிர்காலம் வரை அதே சரிவில் எத்தனை ஆடு மேய்ந்தாலும் துலிப்புக்கு வலிக்காது. சொல்லப்போனால் காய்ந்த புல்லைத் தின்று குளம்பால் மண்ணைக் கிளறி விதைக்கு இடம் செய்து கொடுக்கின்றன. மேய்ப்பரை அப்புறப்படுத்தச் சொல்லும் வாதம் இல்லை இது. அவரது மந்தை அந்தச் சில மாதங்கள் வேறு இடத்தில் நிற்பதற்கான செலவை யார் ஏற்பது என்று கேட்கும் வாதம்.

வெப்பம் ஏறிவரும் காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு, எப்படியும் பூ மேலே ஏறிவிடுமே என்று சிலர் கேட்பார்கள். ஏறும் வேகத்தைப் பார்க்க வேண்டும். விதை சில அடி தூரமே பறக்கிறது, அது பூக்க ஆண்டுகள் பிடிக்கின்றன. நூறு மீட்டர் உயரம் ஏற ஒரு தலைமுறைச் செடிகள் போதாது. நடுவில் ஒரு வயல் வந்தால் அங்கேயே நின்றுவிடும். மேலே போக வழி வேண்டுமென்றாலும் கீழே இப்போது ஒற்றை இலைகள் நிறைய வேண்டும்.

கசாக்ஸ்தான் 2017இல் மேய்ச்சல் நிலங்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்த மந்தை எப்போது எங்கே மேயும் என்று வட்டாரம் தோறும் திட்டம் போட அது வழி செய்கிறது. அந்தத் திட்டத்தில் நாள் குறிக்கும் இடம் இருக்கிறது. ஜபாக்லி போன்ற ஊர்களில் துலிப் சரிவுகளை நாலு துண்டாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு துண்டு மட்டும் வசந்த மேய்ச்சலுக்கு, மற்ற மூன்றுக்கும் விதை விழுந்த ஜூன் கடைசிக்குப் பிறகு என்று எழுதிவைக்கலாம். தூரப் புல்வெளியில் ஒரு கிணற்றைச் சரிசெய்யவும், சிறு குடும்பங்களின் ஆடுகளைச் சேர்த்து ஒரே மந்தையாக ஜய்லாவுக்கு ஓட்டிப்போகும் மேய்ப்பருக்குக் கூலி கொடுக்கவும் பணம் வேண்டும். ஏப்ரல் பிற்பகுதியில் இந்த ஊருக்கு வெளிநாட்டிலிருந்து பூப் பார்க்க வருகிறவர்கள் வழிகாட்டிக்கும் குதிரைக்கும் தங்கும் வீட்டுக்கும் கொடுக்கும் காசு, வீடு வைத்திருக்கும் சில குடும்பங்களோடு நின்றுவிடுகிறது. ஆடு வைத்திருப்பவர் கைக்கு அது போய்ச் சேருவதில்லை. காப்பக நுழைவுக் கட்டணத்தோடு ஒரு மேய்ச்சல் கட்டணத்தையும் சேர்த்து வாங்கி, அதை அந்தக் கிணற்றுக்கும் கூலிக்கும் திருப்பிவிடுவது நடக்காத காரியமில்லை. பலன் கிடைத்ததா என்று பார்க்க ஏழெட்டு ஆண்டு கழித்து, பூக்காலத்தில், கூட்டம் படமெடுக்கும் சரிவை விட்டு ஊரை ஒட்டிய சரிவுக்குப் போய், புல்லை விலக்கி நூல் இலைகளை எண்ணினால் போதும்.